செத்த சங்கம் பிழைக்குமா?

(வாசகசாலைத் திடலில் ஞாயிறு மாலை கூடிய பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று எம்மைப் பேசச் சொன்ன விஷயம் புதுமாதிரியானது. சாதாரணமாக எம்மைக் கூப்பிடுகிறவர்கள் சாமியைப் பற்றியோ, சடங்கைப் பற்றியோ, ஜாதியைப் பற்றியோ பேசச் சொல்லுவார்கள். நீங்கள் முள் செடியைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். நான்கு வருஷத்துக்கு முன் இவ்வூர் வாலிபர்கள் ஒரு சங்கம் வைத்துக்கொண்டு, கண்மாய்க் கரையில் மண்டிக் கிடந்த சீமைக் கருவேலத்தை வெட்டி, பழைய நாட்டு மரங்கள் தலையெடுக்க வழி செய்தார்களாம். ஒரு வருஷம் வேலை மும்முரமாய் நடந்ததாம். பிறகு சங்கம் தூங்கிப் போயிற்று. முள் மறுபடியும் ஆள் உயரத்துக்கு வந்துவிட்டது. "செத்த சங்கத்தைப் பிழைக்க வைக்க வழி உண்டா?" என்று உங்கள் காரியதரிசி எமக்குக் கடிதம் எழுதினார்.

மந்திரம் போட்டுப் பிழைக்க வைக்க எம்மால் ஆகாது. மந்திரத்தால் எதுவும் பிழைத்ததாக நாம் கண்டதுமில்லை. ஆனால் இதே வேலையை நம்மைவிட அதிக காலமாகவும், நம் நிலத்தைவிடக் கெட்டுப்போன நிலத்திலும் செய்து பார்த்த ஜனங்கள் ஆஸ்திரேலியாவில் இருக்கிறார்கள். அத்தேசத்துச் சிற்றூர்களில் புதர்க்காட்டை மீட்பதற்கென்றே தொண்டர் சங்கங்கள் ஆயிரக்கணக்கில் பிறந்தன, அநேகம் தூங்கின, தூங்கினவற்றில் சில எழுந்தும் நின்றன. அவர்கள் அனுபவத்தைச் சொன்னால் உங்களுக்கு உபயோகப்படும் என்று நினைக்கிறோம். நாம் அந்தத் தேசத்துக்குப் போனவரல்ல, காலேஜில் படித்தவருமல்ல. நாமாகப் படித்துத் தெரிந்துகொண்டதையே சொல்லப் போகிறோம்.

மரத்துக்கும் ஜாதி உண்டா?

முதலில் ஒரு கேள்வியைத் தீர்த்துக்கொண்டு மேலே போவோம். கூட்டத்துக்கு வருகிற வழியில் ஒரு பெரியவர் எம்மைப் பிடித்துக்கொண்டார். "பிறப்பினால் உயர்வு தாழ்வு இல்லை என்று மேடைக்கு மேடை பேசுகிறீர்களே! இப்போது மட்டும், இது நாட்டு மரம், இருக்கட்டும். அது சீமை மரம், வெட்டு என்கிறீர்களே! இது மரத்துக்கு வருணாசிரமம் அல்லவா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. இப்படிக் கேட்கிறவர் ஊருக்குப் பத்துப்பேர் இருந்தால் நமக்கு வேலையே இராது.

பெரியவருக்கு நமது பதில் இதுதான். ஒரு செடி எங்கே பிறந்தது என்பதைப் பற்றி நமக்குக் கவலையில்லை. வந்த இடத்தில் அது என்ன செய்கிறது என்பதே கேள்வி. மிளகாய் அமெரிக்காவிலிருந்து வந்தது. நிலக்கடலையும் அமெரிக்காவிலிருந்து வந்தது. அவற்றை நாம் தள்ளி வைத்தோமா? பெரியவர் இன்று காலையில் தொட்டுக்கொண்ட சட்னியில் இரண்டுமே இருந்திருக்கும். சீமைக் கருவேலமும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். அதை நாம் குற்றம் சொல்வது அதன் பிறப்புக்காக அல்ல. தன் பக்கத்தில் இன்னொன்றை வாழவிடாத அதன் நடத்தைக்காக.

இன்னும் ஒரு வேடிக்கை பாருங்கள். நம் கரிசல்காட்டில் ஆட்டுக்கு நெற்றும், ஏருக்கு மரமும் கொடுக்கிற நம் நாட்டுக் கருவேலம் இருக்கிறதே, அதை நிழலுக்கும் தீவனத்துக்கும் ஆகும் என்று 1890களில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்குக் கொண்டு போனார்கள். இன்று அது அங்கே 60 லட்சம் ஹெக்டேருக்கு மேல் புல்வெளியை மூடி, அவர்களுக்குத் தீராத தலைவலியாக இருக்கிறது. அவர்களுடைய தைல மரமும் சீகை மரமும் நம் நீலகிரிக்கு வந்து, அங்கிருந்த புல்வெளியை விழுங்கின. இங்கே நல்லவனாயிருந்தது அங்கே கெட்டதாகிறது. அங்கே நல்லதாயிருந்தது இங்கே கெட்டதாகிறது. ஆகவே பிறவியிலேயே உயர்ந்த செடியும் இல்லை, தாழ்ந்த செடியும் இல்லை. மற்றதை வாழவிடாமல் செய்வதுதான் களை. மனிதரிலும் அப்படித்தான் என்று நாம் சொல்லத் தேவையில்லை.

மணல் மூடிய ஊர்

இனி விஷயத்துக்கு வருவோம். நியூ சவுத் வேல்ஸ் மாகாணத்தின் மேற்குக் கோடியில் புரோக்கன் ஹில் என்று ஓர் ஊர். 1883ல் அங்கே ஈயமும் வெள்ளியும் துத்தநாகமும் கலந்த தாதுப்பொருள் அகப்பட்டது. உடனே சுரங்கம் வந்தது, உலை வந்தது, ஜனங்கள் வந்தார்கள். சுரங்கத்துக்கு முட்டுக் கொடுக்கவும் உலைக்கு எரிக்கவும் சுற்றுப்புறத்து மரமெல்லாம் வெட்டுண்டது. மிச்சம் இருந்த செடியை ஆடும் மாடும் முயலும் தின்றன. அந்த முயலும் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டதுதான். வருஷத்துக்குச் சுமார் 250 மில்லிமீட்டர் மழை பெய்கிற இடம் அது. நம் தமிழ்நாட்டின் சராசரியோ 900க்கு மேல். செடி போன பின் மண்ணைப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. காற்றடித்தால் மணல் எழும்பி, வேலியை மூடி, வீட்டுக்குள்ளும் வந்து நிறைந்தது.

நம் ஊராயிருந்தால் என்ன செய்திருப்போம்? வருணனுக்கு ஜபம் செய்திருப்போம். கழுதைக்கும் கழுதைக்கும் கல்யாணம் செய்து வைத்திருப்போம். அதற்கும் மணல் நிற்காவிட்டால் கலிகாலம் என்று சொல்லிப் படுத்திருப்போம்.

அந்த ஊரில் ஆல்பர்ட் மாரிஸ் என்று ஒருவர் இருந்தார். சுரங்கத்தில் தாதுவைச் சோதித்துப் பார்க்கிற உத்தியோகம். செடிகொடிகளைப் பற்றிய படிப்பைத் தாமாகவே படித்துக்கொண்டவர். அவரும், அவருடைய துணைவியார் மார்கரெட் மாரிஸ் அம்மையாரும், வில்லியம் மெக்கில்லிவ்ரே என்ற டாக்டரும் இன்னும் சிலரும் சேர்ந்து 1920ல் இயற்கை ஆராய்ச்சிச் சங்கம் ஒன்றை அங்கே ஏற்படுத்தினார்கள். வெறும் பொழுதுபோக்குச் சங்கம் என்று ஊரார் நினைத்திருக்கலாம். ஆனால் எந்தச் செடி எந்த மண்ணில் நிற்கும், எது மணலைப் பிடிக்கும் என்று வருஷக்கணக்காய்ப் பார்த்துப் பார்த்துக் குறித்து வைத்துக்கொண்டார்கள். 1936ல் ஒரு சுரங்கக் கம்பெனி புதுக் கட்டடம் கட்ட ஆரம்பித்து, மணலை நிறுத்த யோசனை கேட்டபோது, பதில் சொல்ல அந்தச் சங்கத்தில் ஆள் இருந்தது.

மாரிஸ் சொன்ன யோசனை என்ன தெரியுமா? வேலி. ஆடு, மாடு, முயல் ஒன்றும் நுழையாதபடி வேலி போடுங்கள் என்றார். சில இடங்களில் மரமும் நட்டார்கள் என்பது உண்மை. ஆனால் பெரும்பாலான நிலத்தில் நட்டது ஒன்றுமில்லை. வேலி போட்டு விட்டுக் காத்திருந்தார்கள். மழை வந்தது. மண்ணில் கிடந்த விதையும், காற்றில் வந்த விதையும் முளைத்தன. வேலிக்கு உள்ளே பச்சை. வேலிக்கு வெளியே மணல். கண்ணிருக்கிறவன் எவனும் மறுக்க முடியாத சாட்சியாக அந்த வேலி நின்றது.

மாரிஸ் 1939ல் காலமானார். வேலை தொடங்கி மூன்று வருஷம்கூட முழுதாக ஆகவில்லை. நம் நாட்டில் என்றால் அவருக்கு ஒரு சிலை வைத்து, வருஷத்துக்கு ஒரு தரம் மாலை போட்டு, வேலியை விறகுக்குப் பிடுங்கிக்கொண்டு போயிருப்போம். அங்கே அந்த அம்மையாரும் சங்கத்தாரும் விடாமல் வேலையைத் தொடர்ந்தார்கள். 1958ல் வேலி போட்ட நிலம் ஊரைச் சுற்றி வளையமாய் முடிந்தது. தொடங்கியவர் போய் 19 வருஷத்துக்குப் பின் வேலை நிறைவேறியது என்பதைக் கவனியுங்கள். ஒரு மனிதரோடு சாகாத வேலைதான் சங்கத்தின் வேலை. மற்றதெல்லாம் தனி மனிதரின் உற்சாகம்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நாம் பாதி உண்மை பேசினவர் ஆவோம். அந்த நிலம் சும்மா கிடந்த நிலமல்ல. ஆஸ்திரேலியாவில் ஆதிக்குடிகள் 50,000 வருஷங்களுக்கு மேலாக வாழ்ந்து வந்தார்கள். எப்போது, எங்கே சிறு தீயிட்டால் புல் நன்றாய் வரும் என்று அறிந்து நிலத்தை நடத்தி வந்தார்கள். 1788ல் வந்து இறங்கிய வெள்ளைக்காரர்கள் அது யாருக்கும் சொந்தமில்லாத பூமி என்று சொல்லி எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பொய்யை அத்தேசத்து உயர்ந்த நீதிமன்றம், மாபோ என்ற ஆதிக்குடித் தோழர் தொடுத்த வழக்கில், 1992ல்தான் தள்ளுபடி செய்தது. தீர்ப்பைக் கேட்க அவர் உயிரோடு இல்லை. உடையவனை விரட்டினார்கள், பிறகு நிலமும் கெட்டது. இன்று புதர்க்காட்டை மீட்கிற சங்கங்களில் அறிவுள்ளவை, முதலில் அந்த ஆதிக்குடிகளிடம் போய்க் கேட்டுக்கொண்டுதான் வேலை தொடங்குகின்றன.

இரண்டு சகோதரிகள்

அடுத்தபடியாக, சிட்னி நகரத்தில் மோஸ்மன் என்ற பகுதியில் வாழ்ந்த ஐலீன் பிராட்லி, ஜோன் பிராட்லி என்ற இரண்டு சகோதரிகளைப் பற்றிச் சொல்லுகிறோம். தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். 1960களில் இவர்கள் தினமும் தங்கள் வீட்டருகில் இருந்த காட்டில் உலாவப் போவார்கள். அந்தக் காட்டை வெளியூர்க் களை மூடி வந்தது. நம் மலைகளில் பரவிக் கிடக்கிற உண்ணிச்செடி அங்கேயும் உண்டு. சர்க்கார் ஆட்கள் வந்து மொத்தமாய் வெட்டித் தள்ளுவார்கள். அடுத்த வருஷம் முன்னிலும் அதிகமாய்க் களை வரும். இந்தச் சகோதரிகள் நின்று பார்த்து யோசித்தார்கள். ஏன் அப்படி வருகிறது? மண்ணைக் கிளறி, வெயிலைத் திறந்துவிட்டால், முதலில் ஓடி வந்து உட்காருவது களைதானே!

ஆகவே மூன்று விதி வைத்துக்கொண்டார்கள். ஒன்று: களை அதிகமாய் உள்ள இடத்தில் தொடங்காதே, காடு நன்றாய் உள்ள இடத்தில் தொடங்கி, அங்கிருந்து கெட்ட இடத்தை நோக்கிப் போ. இரண்டு: மண்ணைக் கூடியவரையில் கலைக்காதே, பிடுங்கின பின் சருகை மறுபடி மூடிவிடு. மூன்று: நாட்டுச் செடி எவ்வளவு வேகமாய் வந்து இடத்தைப் பிடிக்கிறதோ, அவ்வளவு வேகமாய் மட்டும் களையை எடு. உன் அவசரத்துக்குக் காடு வராது.

முதலில் கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். வீடு பற்றி எரிகிற பக்கத்தை விட்டு, எரியாத பக்கத்தில் நின்று வேலை செய்கிறவர்களைப் போல அது தோன்றும். ஆனால் பலன் வந்தது. அந்தக் காட்டில் கையால் பிடுங்கியே நாட்டுச் செடியை மீட்டார்கள். 1970களின் நடுவில் அம்மாகாணத்துப் பாரம்பரியப் பாதுகாப்பு ஸ்தாபனம் இவர்கள் முறையை ஏற்று, ஆட்களைப் பழக்க ஏற்பாடு செய்தது. ஐலீன் அம்மையார் 1976லும், ஜோன் அம்மையார் 1982லும் காலமானார்கள். அவர்கள் முறை இன்னும் நடக்கிறது.

மாரிஸின் வேலியையும் இந்தச் சகோதரிகளின் கையையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். காட்டை மனிதன் உண்டாக்குவதில்லை. வளர விடாமல் தடுக்கிறதை நீக்குகிறான், அவ்வளவுதான். வளரும் சக்தி விதையிலும் மண்ணிலும் இருக்கிறது. நமது இயக்கமும் ஜனங்களைப் பற்றி இதைத்தானே சொல்லி வருகிறது? தாழ்த்தப்பட்டவனுக்கு நீ அறிவைத் தானம் செய்ய வேண்டாம். அவன் கழுத்தின் மேல் வைத்த காலை எடு. அவன் தானாக எழுந்து நிற்பான்.

சங்கம் ஏன் தூங்குகிறது?

இனிச் சங்கத்துக்கு வருவோம். 1986 நவம்பரில் விக்டோரியா மாகாணத்தில் வின்ஜலாக் என்ற சிற்றூரில் விவசாயிகள் சேர்ந்து நிலம் காக்கும் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். லாண்ட்கேர் என்று அதற்குப் பெயர். இதற்கு ஊக்கம் கொடுத்தவர்கள் இருவர், இருவரும் பெண்கள். ஒருவர் அப்போது மந்திரியாயிருந்த ஜோன் கர்னர் அம்மையார். மற்றவர் விவசாயிகள் சம்மேளனத்தின் தலைவி ஹெதர் மிட்சல் அம்மையார். 1989ல் பிரதம மந்திரி பாப் ஹாக் அதைத் தேசம் முழுதுக்கும் உரியதாக்கி, பத்து வருஷத்துக்கு 32 கோடி டாலர் ஒதுக்குவதாய் அறிவித்தார். அதற்கு முன்வந்து வழி செய்தது விவசாயிகள் சங்கமும், இயற்கைப் பாதுகாப்புச் சங்கமும். அதுவரை எலியும் பூனையுமாய் இருந்த இரண்டு கட்சியும் ஒரே மேஜையில் உட்கார்ந்தன. பத்து வருஷத்தில் 4,000க்கு மேற்பட்ட சங்கங்கள் ஏற்பட்டன.

பிறகு என்ன ஆயிற்று? அநேக ஊர்களில் சங்கம் தூங்கிற்று. காரணம் ரகசியமானதல்ல. தொடங்கினவர்களுக்கு வயதாயிற்று. வாலிபர்கள் பிழைப்புக்காகப் பட்டணம் போனார்கள். 2000க்குப் பின் சர்க்கார் பணம் பெரிய வட்டார ஸ்தாபனங்களின் வழியாய்ப் போயிற்று. சிற்றூர்ச் சங்கத்துக்கு விண்ணப்பம் எழுதுவதும், கணக்கு எழுதுவதும், அறிக்கை எழுதுவதுமே வேலையாயிற்று. களை பிடுங்க வந்தவன் காகிதம் பிடுங்க வேண்டியதாயிற்று. பணம் வந்தால் வேலை, நின்றால் வேலையும் நின்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, தலைவர் ஒருவரே, காரியதரிசி ஒருவரே என்று 15 வருஷம் ஓடி, அவர் களைத்து உட்கார்ந்த அன்று சங்கமும் உட்கார்ந்தது.

இதைப் படித்தபோது எமக்குச் சிரிப்பு வரவில்லை, வெட்கம் வந்தது. ஏன்? நாமும் ஒரு சங்கத்தைக் கொன்றவரே. எமக்கு 25 வயதில் எங்கள் ஊரில் ஒரு வாசகசாலை நடத்தினோம். சாவி எம்மிடம், கணக்கு நோட்டு எம்மிடம், யார் எந்தப் புத்தகம் எடுத்தார் என்பது எம் தலைக்குள். ஒரு தோழர் "சாவியை வாரத்துக்கு ஒருவரிடம் கொடுக்கலாமே" என்றபோது எமக்குக் கோபம் வந்தது. "இவ்வளவு பாடுபடுகிற என்மேல் நம்பிக்கையில்லையா?" என்று கேட்டோம். ஐந்து வருஷம் நடந்தது. பிறகு காய்ச்சலில் மூன்று மாதம் படுத்தோம். எழுந்து போய்ப் பார்த்தால் பூட்டின பூட்டு அப்படியே இருந்தது. உள்ளே புத்தகத்தைக் கறையான் தின்றிருந்தது. ஊராரைத் திட்டினோம். நன்றிகெட்ட ஜனங்கள் என்று சொன்னோம். கறையானை உள்ளே விட்டது ஊர் அல்ல, எம் இடுப்பில் இருந்த சாவிதான் என்று தெரிய எமக்குப் பல வருஷம் ஆயிற்று. அந்தச் சாவி கேட்ட தோழர் பிறகு எந்தச் சங்கத்திலும் சேரவில்லை. புத்தகத்தை மறுபடி வாங்கலாம். அவரை மறுபடி எங்கே வாங்குவது?

நீங்கள் இனிச் செய்ய வேண்டியது

ஆகவே, இந்தச் சங்கத்தைப் பிழைக்க வைப்பதற்கு நமக்குத் தோன்றுகிறதைச் சொல்லுகிறோம். பிராட்லி சகோதரிகள் காட்டுக்கு வைத்த மூன்று விதியையே சங்கத்துக்கும் வையுங்கள்.

முதலாவது, நல்ல இடத்தில் தொடங்குங்கள். ஊரெல்லாம் தண்டோரா போட்டு நூறு பேரைச் சேர்க்கப் பார்க்காதீர்கள். பழைய அங்கத்தினரில் இன்னும் அக்கறையுள்ளவர் நாலு பேர் இருந்தால் அந்த நாலு பேர் போதும். கண்மாயிலும் அப்படியே. முள் அடர்ந்த நடுவில் போய் விழாதீர்கள். கரையில் எங்கே ஒரு மருதமோ, புங்கையோ, நாவலோ இன்னும் உயிரோடு நிற்கிறதோ, அதன் அடியில் தொடங்குங்கள். பத்தடிச் சதுரம் சுத்தமாய் நின்றால், அதைப் பார்க்கிறவன் தானாய் வந்து கேட்பான்.

இரண்டாவது, அதிகமாய்க் கலைக்காதீர்கள். விட்டுப் போனவர்களைத் திட்டாதீர்கள். ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய், "ஏன் வரவில்லை?" என்று அதட்டாமல், "என்ன குறை கண்டீர்கள்?" என்று கேளுங்கள். சொல்லுகிறதை எழுதிக்கொள்ளுங்கள். மனத்துக்குக் கசப்பாய் இருந்தாலும் எழுதிக்கொள்ளுங்கள். முள்ளை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற ஏழைகள் இந்தப் பக்கத்தில் உண்டு. அவர்களிடமும் போங்கள். வெட்டின விறகு அவர்களுக்கே என்று முன்கூட்டியே பேசி முடியுங்கள். ஏழையின் அடுப்பை அணைத்து வளர்க்கிற மரம் நமக்கு வேண்டியதில்லை.

மூன்றாவது, சங்கத்தார் வருகிற வேகத்துக்குத் தக்கபடி வேலையை வையுங்கள். மாதத்தில் ஒரு நாள், அதுவும் ஒரே நாள், ஒரே நேரம், இரண்டு மணி நேரம் மட்டும். பிறகு டீ குடித்துக் கலைந்து போங்கள். ஒரு நாள் முழுதும் முதுகு ஒடிய வெட்டினவன் அடுத்த மாதம் வரமாட்டான். இரண்டு மணி நேரம் செய்து, சிரித்துப் பேசிவிட்டுப் போனவன் வருவான். அந்த டீயைப் போடுவதற்கு மட்டும் பெண்களைக் கூப்பிடாதீர்கள். எங்கே வெட்டுவது, எதை விடுவது என்று முடிவு செய்கிற இடத்தில் அவர்கள் உட்காரட்டும். விறகுக்கும் கீரைக்கும் அந்தக் கரையில் தினம் நடக்கிறவர்கள் அவர்கள்தான். செடி உங்களைவிட அவர்களுக்குத் தெரியும்.

இவற்றோடு இன்னும் சில. சாவி, நோட்டு, காசு இம்மூன்றும் ஒருவரிடம் இருக்கக் கூடாது. இரண்டு வருஷத்துக்கு மேல் ஒருவர் ஒரே பதவியில் இருக்கக் கூடாது. கணக்கை வாசகசாலைச் சுவரில் ஒட்டுங்கள். சர்க்கார் பணம் வந்தால் வாங்குங்கள். ஆனால் அது இல்லாவிட்டாலும் நடக்கக்கூடிய வேலையை மட்டும் உங்கள் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து ஊர்களிலும் இதுபோல் சங்கம் இருந்தால் சேர்ந்துகொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவில் தனித்தனியே நிற்க முடியாத சிறு சங்கங்கள் பல ஒன்றாய்க் கூடி, எழுத்து வேலைக்குச் சம்பளத்துக்கு ஒருவரைப் பொதுவில் வைத்துக்கொள்கின்றன. களை பிடுங்குகிறவன் களை பிடுங்கப் போகிறான். ஒவ்வொரு மாதமும் ஒரே கல்லின் மேல் நின்று, ஒரே திசையில் ஒரு போட்டோ எடுங்கள். இன்று எல்லார் சட்டைப் பையிலும் அதற்குக் கருவி இருக்கிறது. ஒரு வருஷம் கழித்துப் பன்னிரண்டு படத்தையும் வரிசையாய் ஒட்டினால், மாரிஸின் வேலியைப் போல் அது சாட்சி சொல்லும்.

மரம் நடு விழா மட்டும் வேண்டாம். பிரமுகர் வருவார், மாலை வரும், போட்டோ வரும், போன வருஷம் செத்த கன்றின் குழியிலேயே இந்த வருஷக் கன்றும் வரும். தண்ணீர் ஊற்ற மட்டும் யாரும் வரமாட்டார். நட்டே ஆகவேண்டுமானால், நம் கரையிலேயே விழுகிற விதையைப் பொறுக்கி, மழைக்கு முன் மண்ணில் போடுங்கள். ஆடு தொடாமல் அதே முள்ளால் வேலி கட்டுங்கள். எதிரியின் கையைக் கொண்டே காவல் போட்டதாகவும் ஆகும்.

நிறுத்தினால் என்ன?

"இதெல்லாம் நமக்கு எதற்கு? செய்தால் செய்தோம், விட்டால் விட்டோம்" என்று சிலர் நினைக்கலாம். தோழர்களே! இந்த வேலையில் அந்தப் பேச்சு செல்லாது. சீமைக் கருவேலத்தை மேலோடு வெட்டிவிட்டு வேரைத் தோண்டாமல் விட்டால், ஒன்றாய் நின்றது நாலாய்க் கிளைக்கும். அதன் நெற்றைத் தின்ற ஆடுமாட்டின் சாணத்தில் விதை பழுதில்லாமல் வந்து முளைக்கும். உதிர்ந்த விதை மண்ணில் வருஷக்கணக்காய்க் காத்துக் கிடக்கும். ஆகவே ஒரு வருஷம் வெட்டிப் பாதியில் நிறுத்தினவன், வெட்டாமலே இருந்தவனைவிட முள்ளுக்கு அதிக உபகாரம் செய்தவன் ஆகிறான். நாலு வருஷத்துக்கு முன் நீங்கள் அதைத்தான் செய்திருக்கிறீர்கள். வருத்தப்படுவதற்காக இதைச் சொல்லவில்லை. மறுபடி தொடங்குவதானால் நிறுத்தாமல் செய்கிற அளவுக்குச் சிறியதாய்த் தொடங்குங்கள் என்பதற்காகச் சொல்லுகிறோம்.

இன்னொன்று. பாதியில் நின்ற சங்கம் இதைவிடக் கெட்ட விதை ஒன்றையும் ஊரில் விதைத்துவிட்டுப் போகிறது. "இவர்கள் ஆரம்பிப்பார்கள், விடுவார்கள்" என்ற பேச்சுதான் அந்த விதை. அது ஒரு தரம் முளைத்தால், நாளைக்கு நீங்கள் பள்ளிக்கூடத்துக்காகப் போனாலும், தண்ணீருக்காகப் போனாலும், கலப்பு மணத்துக்குத் துணை நிற்கப் போனாலும், ஊரார் அதையே உங்கள் முகத்தில் எறிவார்கள். விதிதான் எல்லாம் என்று சொல்லுகிறவனுக்கு, உங்கள் கண்மாய்க் கரையே ஆதாரமாய்ப் போகும். அப்படிப்பட்ட ஆதாரத்தை நம் கையால் அவனுக்குக் கொடுக்கலாமா?

மழையில்லாத பூமியில், போட்ட வேலிக்குள் பச்சை வந்தது. படிப்பாளி என்ற பட்டம் இல்லாத ஒரு சுரங்க உத்தியோகஸ்தர் சொல்லி வந்தது. அவர் போன பின்னும் அது நின்றது. நம் பூமிக்கு மழை அதைவிட அதிகம். நம் மண்ணிலும் விதை கிடக்கிறது. சங்கத்தின் விதையும் கிடக்கிறது. இல்லாவிட்டால் இந்தக் கூட்டமே கூடியிராது, உங்கள் காரியதரிசி எமக்குக் கடிதமும் எழுதியிருக்கமாட்டார். தடையை எடுத்தால் அது முளைக்கும். எடுப்பது உங்கள் கையில் இருக்கிறது.

நாம் சொன்னோம் என்பதற்காக இதை ஒப்புக்கொள்ள வேண்டாம். நாளைக் காலையில் நாலு பேர் கரைக்குப் போய் ஒரு சுற்று நடந்து பாருங்கள். எந்த மரம் இன்னும் நிற்கிறது என்று எண்ணுங்கள். பிறகு நாம் சொன்னது பொருந்துகிறதா, பொருந்தவில்லையா என்று நீங்களே கலந்து பேசி முடிவு செய்யுங்கள். பொருந்தாததைத் தள்ளிவிடுங்கள். ஆனால் முடிவு செய்த நாளையும் நேரத்தையும் மட்டும் வாசகசாலைக் கதவில் இன்றே எழுதி ஒட்டிவிட்டுக் கலைந்து போகும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.